மதுரையில் ஹீட்டர் தேடிய டிகிரி அண்ணன்

மதுரை என்றொரு ஊர் உண்டான நாளிலிருந்து, கடைக்குள் போய் நின்று "ரூம் ஹீட்டர் இருக்கா?" என்று கேட்ட மனிதப் பிறவி ஒன்றே ஒன்றுதான். அந்தப் பிறவி என் எதிர்வீட்டில் வசித்தது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. பழங்காநத்தத்துக்குக் குடிவந்தபோது தண்ணீர் வருமா என்று பார்த்தேன், மாடி ஒழுகுமா என்று பார்த்தேன். எதிரே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கத் தோன்றவில்லை.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்னவோ, எங்களுக்கு அவர் டிகிரி அண்ணன். பெயரைக் கேட்டுவிட்டு யாரோ பெரிய படிப்பாளி என்று நினைத்துச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு போனவர்கள் உண்டு. கல்லூரியில் சேர்ந்து அவர் வாங்காமல் வந்த ஒரே பொருள் டிகிரிதான். தொழில் ஏசி மெக்கானிக். மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா வைத்திருப்பார்கள், இவர் வெப்பம் காட்டும் ஒரு கருவியை வைத்திருப்பார். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் "சௌக்கியமா?" என்று கேட்கமாட்டார். கூரையைப் பார்த்து மூக்கை உறிஞ்சிவிட்டு, "முப்பத்தி நாலு இருக்கும் மாப்ள" என்பார். பிறகு கருவியை எடுத்துப் பார்ப்பார். முப்பத்தொன்று காட்டினால் கருவி கெட்டுவிட்டது என்பார்.

வயது, உறவு, சாதி, மதம் எதுவும் பார்க்காமல் ஆண்கள் அத்தனை பேரும் அவருக்கு மாப்ளதான். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். எங்கள் தலைமையாசிரியர் ஒரு பாதிரியார், துறவி. அவர் அறையில் ஏசி மாட்ட வந்த டிகிரி அண்ணன், "நீங்க அங்கிட்டு தள்ளி உக்காருங்க மாப்ள" என்றார். சாமியார் சிரித்துவிட்டார். கூட்டிக்கொண்டு போன எனக்குத்தான் ஒரு வாரம் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்து, ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தார்கள். எல்லோரும் மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள். டிகிரி அண்ணன் பெட்டியைச் சுற்றி வந்து, பின்னால் குனிந்து, ஏதோ ஒரு திருகைத் திருப்பிவிட்டு, இறந்தவரின் மகனிடம் போய்த் துக்கமான குரலில் சொன்னார்: "அப்பாவுக்கு எட்டுல வச்சிருக்காய்ங்க மாப்ள. நான் நாலுக்குக் கொண்டாந்துட்டேன். இனி நீ கவலைப்படாத." அந்தப் பையன் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்தவர் சரோசா அக்கா. ஊரில் எங்கே வெயில் அடித்தாலும் குளிர்கிறது என்று சொல்லக்கூடியவர். அண்ணனுக்குப் பதினெட்டு டிகிரியில் ஏசி ஓடினால்தான் கண் மூடும். அக்காவுக்கு மின்விசிறி ஒன்றில் ஓடினாலே காதில் பஞ்சு வேண்டும். கல்யாணமான புதிதில் ஒரு வாரம் சேர்ந்து படுத்துப் பார்த்தார்களாம். அவர் வேர்வையில் குளித்தார், இவர் சளியில் விழுந்தார். அதிலிருந்து அவர் பெட்ரூமில், இவர் ஹாலில். நடுவே ஒரு கதவு, அதன் கீழே குளிர்க்காற்று வராமலிருக்க அக்கா திணித்து வைத்த பழைய சேலை. மற்றபடி அந்த வீட்டில் சண்டை என்று ஒரு சத்தம் நான் கேட்டதில்லை.

அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. கொடைக்கானல். கல்யாணமானதும் கூட்டிப்போவதாக அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் மே மாதம் ஊரே கொடைக்கானலுக்குப் போகும்போது, போகாமல் மிச்சமிருக்கும் மதுரைக்கெல்லாம் அவர் ஏசி மாட்டிக்கொண்டிருந்தார். வேலை இல்லாத மார்கழியில் போகலாமென்றால், மார்கழிக் கொடைக்கானலின் குளிரை நினைத்தாலே அக்காவுக்குப் பல் அடித்துக்கொள்ளும். போதாததற்கு லாட்ஜில் தங்கமாட்டார். "எவன் எவனோ படுத்த மெத்தை. எவ எவளோ தல வச்ச தலகாணி. அதுல நான் படுக்கணுமா?" என்பார். சொந்த அண்ணன் வீட்டுக்குப் போனாலும் கையில் தலையணையோடு போகிறவர்.

இப்படியே முப்பது வருடம் ஓடியது. ஏசி கடையை இனிமேல் தங்கச்சி மகன் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்கிய வருடம், டிகிரி அண்ணனுக்கு மூளையில் ஏதோ கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தது. ஓட்டைப் பள்ளிக்கூட வேன் ஒன்றை வாங்கி வந்து தெருவில் நிறுத்தினார். மஞ்சள் பெயின்ட் உரிந்து, ஜன்னலுக்கு ஒரு விதமாக இளித்துக்கொண்டு நின்றது.

"என்னண்ணே இது?" என்றேன்.

"வீடு மாப்ள. சக்கரம் வச்ச வீடு. கேரவன். முன்னாடி ஹாலு, அடுப்பு. பின்னாடி பெட்ரூம், ஒங்கக்காவுக்குச் சொந்த மெத்தை. லாட்ஜே வேண்டாம். நேரா கொடைக்கானல்."

"குளிரும்ல?"

"குளிரா? நான் யாரு மாப்ள?" என்றார். அவர் யார் என்பதுதான் என் கவலையே.

மூன்று மாதம் தட்டினார்கள், அறுத்தார்கள், ஒட்டினார்கள். தெருவில் ஒரு பக்கம் முழுக்க அந்த வண்டி. தண்ணீர் லாரி உள்ளே வர முடியாமல் நாங்கள் குடத்தோடு மெயின்ரோட்டுக்கு நடந்தோம். கேட்டால், "கொஞ்சம் பொறுங்க மாப்ள, முடிச்சுட்டு ஒங்களயெல்லாம் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்" என்பார். அதற்குப் பயந்தே யாரும் கேட்பதில்லை.

வண்டி முடிந்ததும் அக்கா ஒரு சுற்று உள்ளே போய்ப் பார்த்தார். ஹால், ஒரு சோபா, சின்ன அடுப்பு. பிளைவுட் தடுப்பு, அதில் ஒரு கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் கட்டில், அக்கா சொன்ன கடையில் வாங்கிய இலவம்பஞ்சு மெத்தை. தொட்டுப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். இறங்கி வந்து, நான் நிற்கும்போதே தீர்ப்புச் சொன்னார்.

"மெத்தை நல்லாருக்கு. வாரேன். ஆனா மலைக்குப் போறதுக்கு முன்னாடி, கீழ ஒரு ராத்திரி படுத்துப் பாப்போம். வாடிப்பட்டியில என் தம்பி தோப்புல நிறுத்துங்க. மார்கழிக் குளிர் அங்க போதும். ராத்திரி குளிருதுன்னு நான் ஒருக்கா எந்திரிச்சேன்னா அம்புட்டுதான். கொடைக்கானலும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். வண்டிய வித்துப்புட்டு வீட்ல கிடப்போம். பெறகு அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

டிகிரி அண்ணன் தலையை ஆட்டினார். முப்பது வருட வாக்கு ஒரு ராத்திரிக்குள் வந்து நின்றது. அவர் முகத்தில் அன்றைக்குத்தான் நான் முதல்முதலாகக் கவலையைப் பார்த்தேன். பாவம் என்றெல்லாம் தோன்றவில்லை. தண்ணீர்க் குடம் சுமந்த தோள் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் ஹீட்டர் வேட்டை. ஒரு சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். வெளியே வெயில் கொளுத்துகிறது, தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிறது. முதல் கடைக்காரர் வெந்நீர் போடும் ஹீட்டரை எடுத்துக் காட்டினார்.

"இது குளிக்க. எனக்கு ரூமுக்கு வேணும்."

"ரூமுக்கா? ரூம எதுக்குண்ணே குளிப்பாட்டுறீங்க?"

அடுத்த கடையில் ஒரு பையன் முதலாளியிடம் போய்க் காதில் ஏதோ சொன்னான். முதலாளி எழுந்து வந்து டிகிரி அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். "ரூமுக்குள்ள சூடு வரணும், அம்புட்டுத்தான? ஜன்னலத் தொறந்து வைங்கண்ணே. காசே வேண்டாம்" என்றார். நான் அந்தக் கடைக்காரரோடு கைகுலுக்கினேன். கடைசியில் வடநாட்டிலிருந்து தபாலில்தான் வரவழைக்க வேண்டியிருந்தது. கொண்டுவந்து கொடுத்த ஆள் பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, முகவரி சரிதானா என்று மறுபடி கேட்டார்.

ஹீட்டரை எங்கே வைப்பது என்பதில் டிகிரி அண்ணன் வாழ்நாளில் ஒரே ஒரு சரியான வார்த்தை சொன்னார். "கட்டிலுக்குப் பக்கத்துல வைக்கக் கூடாது மாப்ள. போர்வை மேல பட்டா தீப்பிடிச்சிரும்." அதனால் ஹாலில் மாட்டினார். அவருடைய கஷ்டகாலம் அந்த ஒரே சரியான வார்த்தையிலிருந்துதான் தொடங்கியது. ஹாலில் இருக்கிற ஹீட்டர் ஹாலைத்தான் சூடாக்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை. ஊரையே குளிரவைத்த மனிதருக்குச் சூடு எந்தப் பக்கம் போகும் என்று தெரியாது.

சோதித்துப் பார்க்கக் குளிர் வேண்டுமே? மதுரையில் அதற்கு எங்கே போவது? டிகிரி அண்ணன் யோசித்தார். வண்டியின் பெட்ரூமில் ஏசியை மாட்டி முழுதாக ஓடவிட்டார். ஹாலில் ஹீட்டரை முழுதாக ஓடவிட்டார். ஒரே வண்டிக்குள் இரண்டும் மல்லுக்கட்டின. கிரிக்கெட் மேட்ச் கடைசி ஓவர் ஓடிக்கொண்டிருந்த சாயங்காலம், தெரு முழுக்கக் கரண்ட் போனது. ஆளாளுக்கு வாசலுக்கு வந்து திட்டிக்கொண்டிருந்தபோது, வண்டிக் கதவைத் திறந்துகொண்டு இவர் கருவியோடு இறங்கினார். ஒரு கன்னம் சிவந்திருந்தது, மறு கன்னம் வெளுத்திருந்தது.

"மாப்ள, ஹாலு நாப்பத்தி மூணு. பெட்ரூம் பத்தொம்பது. ஒரே வண்டி, ரெண்டு ஊரு."

"அண்ணே, அங்கிட்டு நாலு பேரு கம்போட வாராய்ங்க" என்றேன். வீட்டுக்குள் ஓடிவிட்டார்.

இரண்டு ஊரையும் ஒரே ஊராக்குவதற்கு அவர் செய்யாத கோமாளித்தனம் இல்லை. முதலில் பெட்ரூம் சுவர் முழுக்கத் தெர்மாகோல் ஒட்டினார். அறுத்த துகள் தெரு முழுக்கப் பறந்து, என் மனைவி மொட்டைமாடியில் காயப்போட்டிருந்த வடகத்தில் ஒட்டிக்கொண்டது. பொரிக்கும்போதுதான் எது வடகம் எது தெர்மாகோல் என்று தெரிந்தது. பிறகு தடுப்பில் ஓட்டை போட்டு, ஹாலின் சூட்டைப் பெட்ரூமுக்குத் தள்ள ஒரு ஃபேன் மாட்டினார். அக்கா அடுப்பில் வரமிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளித்தார். ஃபேன் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. பெட்ரூமில் படுத்திருந்த அண்ணன் இருமிக்கொண்டே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "என் மெத்தையெல்லாம் மிளகா நெடி" என்று அக்கா அன்றைக்கே ஃபேனைக் கழற்றச் சொல்லிவிட்டார். ஓட்டை மட்டும் மிச்சம்.

அடுத்தது தெர்மாஸ்டாட். சூடு போதும் என்று தெரிந்தால் ஹீட்டரைத் தானாக நிறுத்துகிற சின்னப் பெட்டி அது. அதை அடுப்புக்கு மேலே மாட்டியிருந்தார். குழம்பு கொதித்ததும் அது வண்டியே வெந்துவிட்டது என்று நினைத்து ஹீட்டரை நிறுத்தியது. பெட்ரூமில் அப்போதும் குளிர்தான்.

"பக்கத்துல இருக்கறத மட்டும் பாத்துட்டு முடிவு பண்ணுது மாப்ள" என்றார்.

"உங்ககிட்டதானண்ணே வளருது" என்றேன். கிண்டல் அவருக்கு உறைக்காது. பெட்டியைக் கழற்றிப் பெட்ரூமுக்குள் மாட்டினார். இனிப் பெட்ரூமில் சூடு வரும்வரை ஹீட்டர் நிற்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என்னைப் பொரித்தது இதுதான்.

கடைசியாக, ஏசி வேலையில் மிஞ்சிய வெள்ளிநிற மடிப்புக் குழாய் ஒன்றை எடுத்து, ஒரு முனையை ஹீட்டருக்கு முன்னால் வைத்து, மறுமுனையை அந்த ஓட்டை வழியாகப் பெட்ரூமுக்குள் விட்டார். குழாய் வாய் கட்டிலின் கால்மாட்டில் திறக்கும்படி அளந்து பொருத்தினார். "கால் சூடா இருந்தா ஒடம்பு முழுக்கச் சூடு ஏறிரும். தலையில படக்கூடாது. காலுலதான்" என்றார். அளவு நாடா, பென்சில், ஸ்பிரிட் லெவல் எல்லாம் வைத்து அவர் ஒருநாள் முழுக்க அளந்ததை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே என் மனைவியிடம் சொன்னேன், இந்த ஆள் எதையோ விட்டிருப்பார் என்று.

மார்கழி வந்தது. எனக்கு அரையாண்டு விடுமுறை. கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், ஸ்டார் கட்ட வேண்டும், வரமுடியாது என்று சொல்லிப் பார்த்தேன். அக்கா விடவில்லை.

"நீங்க வாங்க தம்பி. நடுவுல ஒரு ஆளு வேணும். நான் குளிருதும்பேன், இவரு அந்தக் கருவியக் காட்டி இருவத்தி நாலு இருக்கு, ஒனக்குக் குளிராதும்பாரு. நீங்க நேர்மையா சொல்லுவீங்க."

நேர்மைக்கு இப்படியெல்லாம் தண்டனை உண்டு என்று எந்த வேதபாடத்திலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. புறப்பட்டோம்.

வாடிப்பட்டியில் டீ குடிக்க நிறுத்தியதும் வண்டியைச் சுற்றிக் கூட்டம். கேரவன் என்றால் உள்ளே நடிகர் இருக்க வேண்டும் என்பது நம் ஊரில் எழுதப்படாத விதி. ஒருவர் என்னிடம் வந்து பணிவாக, "உள்ள யாருண்ணே?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. கம்பளிச் சட்டை, மேலே சால்வை, காதை மூடிய குரங்குக் குல்லாயோடு சரோசா அக்கா இறங்கினார். உச்சி வெயில். கூட்டம் குல்லாயையும் வெயிலையும் மாறி மாறிப் பார்த்தது. "அம்மா கேரக்டர் போல" என்று யாரோ சொன்னார்கள். அதற்குள் இரண்டு பேர் செல்ஃபி எடுத்துவிட்டார்கள். அக்காவும் குல்லாயைச் சரிசெய்துகொண்டு நின்றதை நான் இந்த இடத்தில் பதிவு செய்கிறேன்.

அக்காவின் தம்பி தோப்பு ஊருக்கு வெளியே, சிறுமலை அடிவாரம் பார்த்த மாதிரி இருந்தது. இரண்டு வரிசைத் தென்னைக்கு நடுவே ஒரே ஒரு வண்டிப்பாதை, ஓரத்தில் வாய்க்கால். டிகிரி அண்ணன் வண்டியை நேராக உள்ளே செருகி நிறுத்தினார். தோப்பு வீட்டிலிருந்து ஒயர் இழுத்தார். ஹீட்டர் ஓடியது. குழாயில் சூடு வந்தது. கையை வைத்துப் பார்த்தவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். எனக்கே ஒரு நொடி, பலித்துவிடும் போல இருக்கிறதே என்று எரிச்சலாக வந்தது.

சாப்பிட்டு முடித்ததும் அக்கா தலையணையோடு கட்டிலில் ஏறினார். ஏறியவர் படுக்கவில்லை.

"ஏங்க, எது வடக்கு?"

டிகிரி அண்ணன் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். வெளியே நின்ற அக்காவின் தம்பி கையை நீட்டினார். "அந்தா சிறுமலை தெரியுதுல்லக்கா. அதான் வடக்கு." வண்டியின் பின்பக்கம் மலையைப் பார்த்து நின்றது. கட்டிலின் தலைமாடும் மலையைப் பார்த்து நின்றது.

"வடக்க தல வச்சு நான் படுக்கவா? நல்லா இருக்கே நீங்க நிறுத்துன லட்சணம்" என்றார் அக்கா.

அளவு நாடாவில் இல்லாத அளவு அது. வீடு நகராது, அதனால் தலைமாடு எது என்று ஒருதடவை பார்த்தால் போதும். வண்டி ஊருக்கு ஊர் திரும்பி நிற்கும் என்பதை அந்த மேதை யோசிக்கவே இல்லை. நான் இடையில் புகுந்து, "எங்க வீட்ல வடக்க தல வச்சுத்தான்க்கா படுக்குறோம். ஒண்ணும் ஆகல" என்றேன். "உங்களுக்குப் பரவால்ல தம்பி. உங்க சாமி வேற" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். வண்டியைத் திருப்பலாமென்றால் இருபக்கமும் தென்னை, இருட்டில் பின்னால் எடுத்தால் ஓரத்து வாய்க்காலில் இறங்கிவிடும். விடிந்தால்தான் நடக்கும்.

அக்கா தலையணையைத் தூக்கிக் கால்மாட்டில் போட்டு, மாற்றிப் படுத்தார். இப்போது குழாய் வாய் நேராக அவர் முகத்துக்கு எதிரே. படுத்த வேகத்தில் எழுந்தார். "மூஞ்சியில அடுப்ப ஊதுன மாதிரி இருக்கு. தலையில சூடு ஏறிக் காலையில மண்ட வெடிக்கும்" என்று சொல்லி, துண்டு ஒன்றைச் சுருட்டி எடுத்துக் குழாய் வாயில் திணித்து அடைத்துவிட்டார். கதவையும் சாத்திக்கொண்டார். தரை சரிவாக இருந்ததால் அது திறந்தாலும் தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு.

நான் சோபாவில் படுத்திருந்தேன். பெட்ரூமில் சூடு வராததால் தெர்மாஸ்டாட் ஹீட்டரை விடுவதாக இல்லை. குழாய் அடைத்திருந்ததால் சூடு வேறெங்கும் போவதாக இல்லை. அது முழுக்க எனக்கே எனக்கு. "அண்ணே, அக்கா இங்க படுக்கட்டும். நான் உள்ள போறேன்" என்று கெஞ்சினேன். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது: "நீங்க படுத்த சோபாவுல நான் எப்படித் தம்பி படுக்குறது? தப்பா நெனைக்காதீங்க." அதற்கு மேல் தாங்கவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு தோப்பு வீட்டுக்குப் போய் அக்காவின் தம்பிக்குப் பக்கத்தில் படுத்துவிட்டேன். போகும்போது டிகிரி அண்ணனைப் பார்த்தேன். கருவியைக் கையில் வைத்துக்கொண்டு சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"பெட்ரூம் பதினெட்டு மாப்ள" என்றார்.

"அது உங்களுக்குப் பிடிச்ச டிகிரிதானண்ணே" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். நாளைக்கே வண்டியை விற்பார், தண்ணீர் லாரி தெருவுக்குள் வரும் என்று நினைத்தபடி நிம்மதியாகத் தூங்கினேன்.

விடியும் நேரத்தில் எழுந்தேன். தோப்பு முழுக்கப் பனி இறங்கி, தென்னை மட்டையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. வாடிப்பட்டியில் இவ்வளவு குளிர் இருக்குமென்று நான் நினைக்கவில்லை. பல் விளக்கப் பேஸ்ட் வண்டியில் இருந்ததால், போர்வையைப் போர்த்திக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது.

பெட்ரூம் கதவு திறந்திருந்தது. அது சாத்திக்கொள்ளாமலிருக்க, அதன் மேல் முதுகைச் சாய்த்து, தரையில் டிகிரி அண்ணன் உட்கார்ந்திருந்தார். வெற்றுடம்பு. வேட்டி நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கையில் ஹீட்டர் வந்த அட்டைப்பெட்டியின் மூடி. அதை வைத்து ஹாலிலிருந்து பெட்ரூம் பக்கமாக வீசிக்கொண்டிருந்தார். மதுரையில் பிறந்து வளர்ந்த நான், விசிறுகிற கைகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். எல்லாம் சூட்டை விரட்டுகிற கைகள். சூட்டை வழித்து வழித்து இன்னொருவர் பக்கம் அனுப்புகிற கையை அன்றைக்குத்தான் பார்த்தேன். பதினெட்டு டிகிரியில் மட்டுமே தூங்கத் தெரிந்த மனிதர், ராத்திரி முழுக்க அந்த உலையின் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். கண் சிவந்து, உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் விரலை வாயில் வைத்து, பேசாதே என்றார். பிறகு கருவியைத் திருப்பிக் காட்டினார். இருபத்தைந்து.

எனக்கு ஏதாவது குத்தலாகச் சொல்ல வேண்டும் போல இருந்தது. பழக்கம். அதை விட்டுவிட்டு, திறந்த வண்டிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.

கட்டிலில் சரோசா அக்கா புரண்டார். எழுந்து உட்கார்ந்தார். குல்லாய் கழன்று தலையணையில் கிடந்தது. டிகிரி அண்ணன் மூடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, பரீட்சை முடிவு பார்க்க வந்தவர் மாதிரி அக்காவின் வாயையே பார்த்தார். அக்கா அவரைப் பார்த்தார். நனைந்த வேட்டியைப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த அட்டை முனையைப் பார்த்தார். மெதுவாகக் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கால்மாட்டில் போட்டார்.

"ஒரே புழுக்கமா இருக்கு. அந்த ஹீட்டர அமத்துங்க முதல்ல" என்றார்.

அண்ணனால் எழ முடியவில்லை. கால் மரத்திருந்தது. நான்தான் போய் அணைத்தேன்.

"எம்புட்டு நேரம் உக்காந்திருந்தீக?" என்று அக்கா கேட்டார்.

"இப்பத்தான், ஒரு அஞ்சு நிமிசம்."

"பொய் சொல்லத் தெரியல ஒங்களுக்கு. நான் ரெண்டு வாட்டி முழிச்சேன்." அண்ணன் முகம் செத்துவிட்டது. முழித்தால் வண்டியை விற்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அக்கா அதைக் கவனித்தார். "குளிருக்கு முழிக்கல. ஒங்க முழங்கை டொக்கு டொக்குன்னு கதவுல இடிச்ச சத்தத்துல முழிச்சேன். எந்திரிச்சா ஒங்களுக்கு மனசு விட்டுப்போகும்னு கண்ண மூடிக்கிட்டேன். எந்திரிங்க. இங்க வந்து படுங்க. வெயில் ஏறுனதும் மலைக்குப் போவோம்."

அவர் படுத்தார். ஏசி இல்லை, ஃபேன் இல்லை. இருபத்தைந்து டிகிரி. மெத்தையில் தலை பட்டதுமே குறட்டை. வடக்கே தலை வைத்துத்தான் படுத்திருந்தார். அக்கா அவர் தோளைப் பிடித்து, தூக்கம் கலையாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கே திருப்பிவிட்டார். பிறகு தன் சொந்தத் தலையணையை எடுத்து அவர் தலைக்கு அடியில் வைத்தார். அதில் இன்னொருவர் தலை வைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நான் பேஸ்டையும் பையையும் எடுத்துக்கொண்டேன். எனக்கு மதுரைக்குப் பஸ் ஏறினால் போதும். "நான் வாரேன்க்கா" என்றேன். "நேர்மையா சொல்லுங்க தம்பி, குளிருச்சா?" என்று கேட்டார். "இல்லக்கா" என்றேன். "அப்ப சரி. இறங்கும்போது சத்தம் போடாம இறங்குங்க" என்றார்.

வண்டியின் படி இரும்புத் தகடு, மிதித்தால் கணீரென்று சத்தம் வரும். ஒரு நிமிடம் நின்றேன். டிகிரி அண்ணன் விஷயத்தில் செருப்பைக் கையில் எடுக்க வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன், தெருவில் முக்கால்வாசிப் பேர் நினைத்திருக்கிறார்கள். நான் எடுத்தது அன்றைக்கு ஒருநாள்தான். இரண்டு செருப்பையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த மனிதர் இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும் என்று, வெறுங்காலோடு பனியில் இறங்கினேன்.